ஹாப்ஸனின் லாயம்

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் கையிலுள்ள ஆங்கில இலக்கண நூல்களில், இடப்பக்கம் மரபுத்தொடரும் வலப்பக்கம் அதன் பொருளுமாக வரிசை வரிசையாக அச்சிட்டு, இவற்றை நெட்டுருப் போட்டுவிட்டால் அந்தப் பாஷையே வசமாகிவிடும் என்ற பிரமையை உண்டாக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இதனால் பொருள் தெரிகிறதேயன்றிப் பிரயோகம் தெரிவதில்லை என்பதும், ஒரு தொடர் பிறந்த தொழிலையோ சம்பவத்தையோ கூடவே சொல்லிக் கொடுத்தால்தான் அதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லலாகாது என்ற விவேகம் பிறக்கும் என்பதும் என் அபிப்பிராயம்.

'ஹாப்ஸன்ஸ் சாய்ஸ்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். கேம்பிரிட்ஜ் நகரில் தாமஸ் ஹாப்ஸன் என்றொருவர் இருந்தார். லண்டனுக்குத் தபாலும் சரக்கும் ஏற்றிச் செல்லும் வண்டித் தொழிலோடு, சர்வகலாசாலை மாணவர்களுக்குக் குதிரைகளை வாடகைக்கு விடுவதையும் அவர் நடத்தி வந்தார். வாலிபர்கள் அல்லவா? எது வேகமான குதிரையோ அதையே எல்லோரும் கேட்டார்கள்; விரட்டி விரட்டி ஓட்டவும் செய்தார்கள். நல்ல குதிரைகள் நலிவதைக் கண்ட ஹாப்ஸன், கேட்பவர் யாராயிருந்தாலும் லாயத்தின் கதவுக்கு மிக அருகில் நிற்கும் குதிரையையே எடுத்துக்கொள்ள வேண்டும், பிடிக்காவிட்டால் நடந்து போகலாம் என்று ஓர் ஏற்பாடு செய்தார். இதனால் ஓடித் திரும்பிய குதிரை, தன் முறை மறுபடி வருவதற்குள் ஓய்வெடுத்துக்கொள்ள முடிந்தது. 1631-இல் அவர் காலமானபோது, அங்கே மாணவராயிருந்த மில்டன் அவரைப் பற்றி இரண்டு கவிதைகள் இயற்றினார். வண்டிக்காரர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கிட்டும்!

இந்தக் கதை தெரியாதவர்கள்தாம், இரண்டு கஷ்டங்களுக்கு நடுவே அகப்பட்டவனின் நிலையைச் சொல்ல இத்தொடரை எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலேயரிலும் இப்படி எழுதுவோர் உண்டு. அவர்கள் சொல்ல நினைப்பது இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை. ஹாப்ஸனுடைய வாடிக்கைக்காரருக்கோ லாயம் நிறையக் குதிரைகள் கண்ணெதிரே நின்றும், கிடைப்பது ஒன்றே ஒன்றுதான். தேர்ந்தெடுப்பது போன்ற தோற்றம் இருந்து, தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத இடத்தில்தான் அத்தொடர் பொருந்தும்.

பிள்ளைகள் கூச்சலிடும்போது தாய் 'ரயட் ஆக்டை வாசித்தாள்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். நம் நூல்கள் இதற்குத் 'திட்டுதல்' என்று பொருள் எழுதி முடித்துக்கொள்கின்றன. பன்னிரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவரோ கலகம் விளைவிக்கும்படி கூடினால், மாஜிஸ்திரேட் முதலிய அதிகாரி ஒருவர் அவர்கள் முன்னிலையில் உரத்த குரலில் ஒரு பிரகடனத்தை வாசிக்க வேண்டும் என்றும், அதன் பின் ஒரு மணி நேரத்துக்குள் கலைந்து போகாதவர்கள் மரணதண்டனைக்குரிய குற்றவாளிகள் என்றும் விதித்து, 1715-இல் அமலுக்கு வந்த கலகச் சட்டமே இத்தொடரின் மூலம். ஆகவே அது வெறும் வசவு அன்று. இதற்கு மேல் பொறுப்பதற்கில்லை என்னும் கடைசி எச்சரிக்கை. இப்படியே, 'குருட்டுக் கண்ணைத் திருப்புதல்' என்பதும் கவனக்குறைவைக் குறிப்பதன்று. 1801-இல் கோபன்ஹேகன் போரில், பின்வாங்கும்படி மேலதிகாரி காட்டிய சைகையைப் பார்வையிழந்த கண்ணில் தொலைநோக்கியை வைத்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று நெல்ஸன் சொன்னதாக வழங்கும் கதையை அறிந்தவர், தெரிந்தே பாராதிருப்பதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்துவார்.

ஆனால் கதை என்று வந்துவிட்டால் கட்டுக்கதையும் கூடவே வந்துவிடுகிறது. கனமழையைப் 'பூனையும் நாயுமாகப் பெய்கிறது' என்பதற்கு, பழங்காலத்தில் கூரை வைக்கோலுக்குள் உறங்கிய பிராணிகள் மழையில் வழுக்கி விழுந்தனவாம் என்று ஒரு காரணம் பரவியிருக்கிறது. மழை பெய்யும்போது எந்த நாயாவது கூரைமேல் ஏறுமா? ஸ்விஃப்ட் 1738-இல் வெளியிட்ட நூலிலேயே இடம்பெற்ற இத்தொடரின் உற்பத்தி நிச்சயமாக நிர்ணயிக்கப்படவில்லை என்று சொல்லிவிடுவதே ஆசிரியருக்கு அழகு. அன்றியும், மழையைக் கண்ட ஆங்கிலேயர் பெரும்பாலும் 'கொட்டுகிறது' என்பதற்குச் சமமான சாதாரண வார்த்தையைச் சொல்லிவிட்டுக் குடையைத் தேடுகிறார். பூனையும் நாயும் தவறாமல் விழுவது நம் பிள்ளைகளின் கட்டுரைகளில்தான். பரீட்சகர்கள் அதற்கென்று தனி மதிப்பெண் கொடுப்பதை நிறுத்தினால், பாதித் தொல்லை தீரும்.