வீடு மாறினால் வண்டிக்கு இரண்டாவது வரியா?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் சாலையில், சனிக்கிழமை மாலை நிற்கும் கார்களின் நம்பர் பிளேட்டுகளைப் படித்துக்கொண்டே நடந்தால் தென்னிந்திய வரைபடமே தெரியும். செங்கல்பட்டின் டிஎன் 19-க்குப் பக்கத்தில் புதுச்சேரியின் பிஒய் 01, அடுத்து ஒரு கேஏ, ஒரு ஏபி, ஒரு கேஎல். பெரும்பாலானவை சுற்றுலாவுக்கு வந்தவை. திங்கட்கிழமைக்குள் ஊர் திரும்பிவிடும். சில மட்டும் திரும்பாது. கேளம்பாக்கத்திலோ கோவளத்திலோ ஏதோவொரு வாடகை வீட்டு வாசலில் அவை நிரந்தரமாக நிற்கத் தொடங்கியிருக்கும். இந்த இரண்டு வகைக்கும் நடுவே மோட்டார் வாகனச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு பன்னிரண்டு மாதம்.

மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயரும் இந்தியருக்கு வருமான வரியில் பெரிய சிக்கல் இல்லை. வரி மத்திய அரசுடையது. ஆண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தாரா என்று சட்டம் பார்க்குமே தவிர, இருந்தது நாகர்கோவிலிலா நாக்பூரிலா என்று கேட்காது. அமெரிக்காவில் நிலைமை வேறு. நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் தனியே வருமான வரி வாங்குகின்றன; டெக்சாஸும் ஃபுளோரிடாவும் வாங்குவதில்லை. அதனால் நியூயார்க்கிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போனவர், தான் உண்மையாகவே போய்விட்டதை ஓட்டுநர் உரிமம் முதல் வாக்காளர் பதிவு வரை அடுக்கி நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் அந்தத் தலைவலி வண்டியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, வாகன வரியை மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனமாக வைத்திருக்கிறது. தொழில் வரியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்தான். ஆனால் அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று அரசமைப்பே உச்சவரம்பு கட்டிவிட்டது. வாகன வரிக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது.

2023 நவம்பரில் தமிழ்நாடு தன் வாழ்நாள் வரியை உயர்த்தியது. 5 லட்சம் ரூபாய்க்குள் விலையுள்ள காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அதாவது 12 லட்ச ரூபாய் காருக்கு 2,16,000 ரூபாய் வரி. பதினைந்து ஆண்டுக்கான தொகையை வாங்கும் அன்றைக்கே மொத்தமாகக் கட்ட வேண்டும். கட்டிய மூன்றாம் வருடம் வேலை மாற்றம் வந்தால்?

இந்தக் கேள்வி செங்கல்பட்டு மாவட்டத்தில் அன்றாடம் எழக்கூடியது. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு மகாராஷ்டிரத்தின் தாராப்பூரிலிருந்தும் கர்நாடகத்தின் கைகாவிலிருந்தும் மாறுதலாகி வருவார்கள். இங்கிருந்து அங்கே போவார்கள். சிறுசேரி சிப்காட்டிலும் செங்கல்பட்டை ஒட்டிய மஹிந்திரா சிட்டியிலும் வேலைக்குச் சேர்பவர்களில் பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வருபவர்கள் ஏராளம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு இவர்களுக்குச் சொல்வது இதுதான்: பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டி இங்கே இருந்தால் இந்த மாநிலத்துப் பதிவெண் வாங்கு.

வாங்குவது எப்படி? பழைய ஊர் ஆர்டிஓ-விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வண்டி கடனில் இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதம் வேண்டும். பிறகு புதிய ஊர் ஆர்டிஓ-விடம் வண்டியைக் காட்டி, அதன் வயதுக்கேற்ற வரியைக் கட்டிப் புதிய எண் பெற வேண்டும். அதற்குப் பிறகுதான், பழைய மாநிலத்திடம் மிச்ச ஆண்டுகளுக்கான வரியைத் திருப்பித் தரும்படி விண்ணப்பிக்க முடியும்.

காகிதத்தில் பார்த்தால் இதில் இரட்டை வரி இல்லை. ஓரிடத்தில் கட்டுகிறார், இன்னோரிடத்தில் திரும்பப் பெறுகிறார். நடைமுறையில் கட்ட வேண்டியது உடனே, கிடைக்க வேண்டியது பிறகு. கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர் மகாராஷ்டிரத்திலோ கர்நாடகத்திலோ உள்ள ஆர்டிஓ அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்க முடியும்? ஒரு நடை ரயில் கட்டணம், இரண்டு நாள் விடுப்பு என்று கணக்குப் போட்டுப் பணத்தைக் கைகழுவுகிறவர்கள் உண்டு. பதிவையே மாற்றாமல், சாலையில் யாராவது நிறுத்தினால் போன மாதம்தான் வந்ததாகச் சொல்லிச் சுங்கச்சாவடி ரசீதைத் தேடுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகையினரைக் குற்றவாளிகள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவர்களை அங்கே தள்ளியது நடைமுறைதான்.

வண்டி எந்தத் தேதியில் வந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் உரிமையாளர் தலையில்தான் விழுகிறது. கர்நாடகம் 2014-இல் பன்னிரண்டு மாதத்தை முப்பது நாளாகக் குறைத்து, அதற்கு மேல் தங்கும் வெளிமாநில வண்டிகளிடம் வாழ்நாள் வரி கேட்டது. அது செல்லாது என்று அம்மாநில உயர் நீதிமன்றம் சொல்லும்வரை பெங்களூரில் வேலைக்குப் போன தமிழர்கள் பலர் நடுரோட்டில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வாகன வரி எதற்காக என்பதில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே பேசியிருக்கிறது. 1974-இல் ஒடிசாவின் போலானி சுரங்க வழக்கிலும், 2025 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் உருக்காலை வளாகத்துக்குள் மட்டும் ஓடிய லாரிகள் குறித்த வழக்கிலும் அது சொன்னது ஒன்றுதான்: பொதுச் சாலையைப் பயன்படுத்துவதற்கு ஈடாக வாங்குவது இந்த வரி. அப்படியானால் மூன்று வருடம் கர்நாடகச் சாலையிலும் பன்னிரண்டு வருடம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஓடும் வண்டியின் வரியில் தமிழ்நாட்டுக்குப் பெரும்பங்கு சேர வேண்டியது நியாயம். அந்தப் பங்கை ஒரு அரசு கஜானாவிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்துபோகிற வேலையைத் தனிமனிதனிடம் கொடுத்திருப்பதுதான் அநியாயம்.

இதன் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் புதுச்சேரி. விலையுயர்ந்த கார்களுக்கு அங்கே வரி பல மடங்கு குறைவு. அங்கே வாழாமலே அந்த ஊர் முகவரியில் சொகுசுக் கார் பதிவு செய்த விவகாரம் 2017-இல் கேரளத்தில் வெடித்தது. திரைப் பிரபலங்கள் வரை விசாரணை போயிற்று. நாகாலாந்திலும் புதுச்சேரியிலும் பதிவு செய்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த ஆம்னி பஸ்களுக்கு 2024 ஜூனில் தமிழக அரசு தடை போட்டது. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் டிக்கெட்டோடு நின்ற பயணிகள்தான் அல்லாடினார்கள். ஏய்ப்பவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். அவர்களுக்காகப் போட்ட வலையில், மாறுதல் உத்தரவோடு குடும்பத்தைக் கூட்டிவந்த ஊழியர் சிக்கக் கூடாது.

தீர்வின் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2021 செப்டம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த பாரத் வரிசை, அதாவது பிஎச் எண், வரியை இரண்டிரண்டு ஆண்டாகக் கட்ட விடுகிறது. 10 லட்சத்துக்குள் 8 சதவீதம், 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 என்று நாடு முழுக்க ஒரே விகிதத்தில் கணக்கு. மாநிலம் மாறினால் மறுபதிவு தேவையில்லை. ஆனால் ராணுவத்தினர், அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்கள், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனங்களின் ஊழியர்கள் ஆகியோருக்குத்தான் அது. அடிக்கடி ஊர் மாறும் சிறு ஒப்பந்தக்காரருக்கோ, மறைமலை நகர் உதிரிபாகப் பட்டறைக்கு ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த இளைஞரின் பைக்குக்கோ கிடையாது. எல்லோருக்கும் திறந்துவிட்டால் மொத்தமாக வரும் வருவாய் குறைந்துவிடும் என்று மாநிலங்கள் அஞ்சுவதில் பொருள் இருக்கிறது. ஆனால் தவணையில் வந்தாலும் பணம் வரத்தான் செய்கிறது.

மறுபாதியை 2017-லிருந்து ஜிஎஸ்டி செய்துகாட்டி வருகிறது. ஆந்திராவிலிருந்து வந்த பொருளைச் செங்கல்பட்டில் வாங்கினால், அதன் வரியில் தமிழ்நாட்டுப் பங்கை அரசுகளே தங்களுக்குள் தீர்த்துக்கொள்கின்றன. வாங்கியவர் விஜயவாடா அலுவலகத்தில் போய் நிற்பதில்லை. வாகனப் பதிவுக்கும் வாகன் என்ற நாடு தழுவிய கணினித் தரவு இருக்கிறது. வண்டி புதிய மாநிலத்தில் பதிவாகும் அந்த நொடியே பழைய மாநிலத்தின் மிச்ச வரியைக் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ள அது போதும்.

எல்லா மாநிலங்களும் சம்மதிக்கும்வரை தமிழ்நாடு காத்திருக்கத் தேவையில்லை. 2022-இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியபின் பிழைப்புத் தேடி வெளிமாநிலம் போக நேர்ந்தவர்களிடம் டிஎன் 19 வண்டிகள்தான் இருந்திருக்கும். இனி அப்படிப் போகிறவரின் வண்டி புணேயில் மறுபதிவான விவரம் கணினியில் ஏறியதும், விண்ணப்பமே இல்லாமல், முப்பது நாளுக்குள் மிச்ச வரியை அவர் வங்கிக் கணக்கில் போடச் செங்கல்பட்டு ஆர்டிஓ அலுவலகத்துக்கு உத்தரவிடலாம். உள்ளே வருபவர்களுக்கு மாறுதல் உத்தரவின் தேதியையோ வாடகை ஒப்பந்தத்தின் தேதியையோ வந்த நாளாக ஏற்று, அதிலிருந்து பன்னிரண்டு மாதத்தை எண்ணலாம். இரண்டும் போக்குவரத்துத் துறையின் ஒரு சுற்றறிக்கையில் தொடங்கக்கூடிய வேலைகள்.