எதிர்ப்பு சக்தியை 'ஏத்துற' புண்ணியவான்களுக்கு...

போன பொங்கலுக்கு ஊருக்கு, அதாவது அரிமளத்துக்குப் போயிருந்தேன். அத்தைக்கு ஆறு வருஷமா முடக்குவாதம். மாத்திரையில ஓரளவு சமாளிச்சவங்க, இந்தத் தடவை காபி டம்ளரைத் தூக்கவே திண்டாடினாங்க. கேட்டா, "மாத்திரைய நிறுத்திட்டேனப்பு. எதிர்ப்பு சக்தி ஏறும்னு ஒரு பொடி குடுத்துட்டுப் போனாங்க"ன்னாங்க. டப்பா 900 ரூபாயாம்!

அந்தக் கடுப்புல எழுதுற பதிவு இது. நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்ல. ஆனா இதப் புரிஞ்சிக்க டாக்டர் பட்டம் தேவையில்ல.

நம்ம ரத்தத்துல டி செல்னு ஒரு கூட்டம் இருக்கு. எல்லாம் ஒரே வேலை பார்க்கிறதில்ல. கொல்லும் டி செல், வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடிச்சு அழிக்கும். உதவி டி செல் நேரா சண்டைக்குப் போகாது. கொல்லுற செல்லையும், ஆன்டிபாடி தயாரிக்கிற பி செல்லையும் முடுக்கிவிடும். மூணாவது, கட்டுப்படுத்தும் டி செல். "போதும், நம்மாளையே அடிக்காத"ன்னு மத்ததை அடக்கும்.

உதவி செல் போனா என்னாகும்? 1986-ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் அவரோட மாணவி நிர்மலாவும் இந்தியாவுல முதன்முதலா எச்ஐவியைக் கண்டுபிடிச்சாங்க. அந்த வைரஸ் குறிவைக்கிறது இந்த உதவி செல்லைத்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 200-க்குக் கீழ போனா எய்ட்ஸ். கொல்லுற செல் இருந்தும் முடுக்கிவிட ஆளில்லாம, காசநோய் மாதிரி வியாதியெல்லாம் உள்ள வந்து உக்காந்துக்கும். அந்த எண்ணிக்கையைத் திரும்ப ஏத்துனது எந்தப் பொடியும் இல்ல சாமி, வைரஸை அடக்குற கூட்டு மாத்திரை. 2004-லேர்ந்து அரசாங்கமே அதை இலவசமா தருது.

சரி, கட்டுப்படுத்துற செல் இல்லாட்டி? இதை 1995-ல சகாகுச்சி காட்டினார். அதுக்கான மரபணுவை 2001-ல பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் கண்டுபிடிச்சாங்க. மூணு பேருக்கும் 2025-ல நோபல். அந்த மரபணு பழுதாகிப் பொறக்குற குழந்தையோட குடலையும் கணையத்தையும் சொந்த எதிர்ப்பு சக்தியே தாக்கும். அங்க சக்தி குறையல, அடக்க ஆளில்ல.

இப்ப அத்தைகிட்ட வருவோம். முடக்குவாதத்துல மூட்டைத் தாக்குறது வெளியில இருந்து வந்த கிருமி இல்ல, அவங்களோட எதிர்ப்பு சக்திதான். டாக்டர் கொடுத்த மாத்திரை அதை அடக்கத்தான். அவங்ககிட்ட போயி "ஏத்துறேன்"னு சொல்றவனை என்ன சொல்ல?

பொடி விக்கிறவங்களே, ஒரே கேள்வி. நீங்க ஏத்துறது எந்த டி செல்லை? கொல்றதையா, உதவுறதையா, அடக்குறதையா? பதில் தெரியாதுன்னா டப்பா மேல எழுதாதீங்க.

"இயற்கைதானே, என்ன கெடுதல்?"னு பின்னூட்டத்துல யாராவது வருவீங்க. வாங்க. ரசத்துல மிளகு போடுங்க, நானும் ரெண்டு கரண்டி சேத்து ஊத்திக்கிறேன். ஆனா மாத்திரைய நிறுத்தின மாசங்கள்ல தேஞ்சுபோன மூட்டு திரும்ப வராது.

டிஸ்கி: அத்தையை மறுபடி டாக்டர்கிட்ட கூட்டிப் போயாச்சு. உங்க வீட்டுலயும் அப்படி ஒரு டப்பா இருந்தா, பக்கத்துல இருந்த மாத்திரை அட்டை என்னாச்சுன்னு இன்னிக்கே கேளுங்க மக்கா.