தானியேலின் காய்கறியும் நம் சர்க்கரை நோயும்



தானியேல் பத்து நாள் காய்கறி உண்டு பொலிவு பெற்றாராம். ஆகவே இறைச்சியை விட்டால் சர்க்கரை நோய் தீருமென்று நம் மாடம்பாக்கம் பகுதியிலும் சிலர் நம்புகின்றனர். தானியேல் முதல் அதிகாரம் மருத்துவக் குறிப்பு அல்ல. அரசனின் உணவால் தீட்டுப்பட மறுத்த பற்றுறுதியின் சாட்சி. தொடக்க நூல் 1:29 பயிர்களை உணவாகத் தருகிறது. 9:3 இறைச்சியையும் தருகிறது. எல்லா உணவும் தூயது என்பதே மாற்கு 7:19-இன் போதனை.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. நம் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்து என்றது அதன் 2025 அறிக்கை. கறியை விட்டுவிட்டு சோற்றைக் குவித்தால் என்ன பயன்?

வெள்ளிக்கிழமை புலால் தவிர்ப்பது ஒறுத்தல், மருத்துவம் அல்ல. உடல் தூய ஆவியாரின் கோவில் (1 கொரி 6:19). அளவோடு உண்போம், விவிலியத்தைக் காட்டி மாத்திரையை நிறுத்தாதிருப்போம்.