விமானம் கையில், மோட்டார் கடிகாரத்தில்

புனேயில் வானத்துக்குப் பஞ்சமில்லை. லோஹேகாவில் விமானப் படைத் தளம், கடக்வாஸ்லாவில் தேசிய ராணுவ அகாதெமி, ஹடப்சரில் கிளைடர் மையம் என்று ஊரைச் சுற்றிச் சிறகுகள்தான். பஞ்சமெல்லாம் தரைக்கு. கட்டடங்கள் நெருக்கியடிக்கும் நகரத்தில் மாதிரி விமானம் விட ஆசைப்படும் மாணவன் எங்கே போவான்?

ஏரோமாடலிங் உலகம் இதற்கு ஒரு பழைய பதில் வைத்திருக்கிறது: கன்ட்ரோல் லைன். ரேடியோ கிடையாது. மெல்லிய இரண்டு எஃகுக் கம்பிகளின் ஒரு முனை விமானத்தில்; மறுமுனை பறக்கவிடுபவர் பிடித்திருக்கும் கைப்பிடியில். அவர் நடுவில் நின்று சுழல, விமானம் அவரைச் சுற்றி வட்டமிடும். கைப்பிடியைச் சாய்க்கும் விதத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும், கரணமடிக்கும். கம்பி 20 மீட்டர் என்றால் அதைத் தாண்டி எங்கும் போய்விட முடியாது. ஒரு கல்லூரி மைதானம் போதும். 1940களில் அமெரிக்காவின் ஜிம் வாக்கர் பிரபலமாக்கிய இந்த முறை, தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மூலம் இந்திய மாணவர்களுக்கும் பழக்கமானது.

ஆனால் வழக்கமான அந்த இரண்டு கம்பிகளுக்கு ஒரு வரம்பு உண்டு. விமானத்தை ஏற்றி இறக்க மட்டுமே அவற்றால் முடியும். மோட்டாரை நிறுத்த முடியாது. என்ஜின் காலத்தில் இது பெரிய பிரச்னையாக இல்லை. மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருளை அளந்து டாங்கில் ஊற்றுவார்கள். தீர்ந்ததும் என்ஜின் தானே நிற்கும். டாங்குதான் கடிகாரம்.

மின் மோட்டார் வந்ததும் அந்தக் கடிகாரம் போய்விட்டது. லித்தியம் பாலிமர் பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சக் கூடாது. செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது உப்பி வீணாகும். எனவே, சரியான நேரத்தில் மோட்டாரை நிறுத்த விமானத்துக்குள்ளேயே ஒருவர் வேண்டும். அவர்தான் டைமர். தீப்பெட்டியைவிடச் சிறிய சர்க்யூட் பலகை. மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு இது விநாடிக்கு 50 முறை மின்துடிப்பு அனுப்புகிறது. துடிப்பின் நீளம் ஒரு மில்லி விநாடி என்றால் மோட்டார் நிற்கும். இரண்டு என்றால் முழு வேகம். எவ்வளவு நேரம் காத்திருப்பது, எந்த வேகத்தில் சுற்றுவது, எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் முன்கூட்டியே பதிந்துவைக்கலாம்.

பட்டனை அழுத்தியதும் மோட்டார் ஓடாது. பறக்கவிடுபவர் வட்டத்தின் நடுவுக்கு நடந்து போய்க் கைப்பிடியை எடுக்க 20, 30 விநாடி அவகாசம் கொடுத்து வைப்பார்கள். ஆபத்து இங்கேதான். என்ஜின் இரைந்து எச்சரிக்கும். மின் மோட்டார் அப்படியல்ல. அசையாமல் நிற்கும் புரொப்பெல்லரைப் பார்த்து ஏமாந்து விரல் நீட்டினால், அடுத்த கணம் அது கத்தி. அனுபவசாலிகள் பேட்டரியை இணைத்த விநாடியிலிருந்தே புரொப்பெல்லர் சுற்றுவதாகத்தான் பாவிப்பார்கள். அதன் பாதையில் கையோ முகமோ போகாது. எண்ணிக்கை நடக்கும்போது அதை ரத்து செய்ய வழியில்லாத டைமரைத் தொடவே கூடாது.

அடுத்த சிக்கல் மேலே. 1.7 கிலோ எடையுள்ள விமானம் 20 மீட்டர் கம்பியில் மணிக்கு 85 கி.மீ. வேகத்தில் சுற்றினால், கையை ஐந்து கிலோ எடையளவுக்கு இழுக்கும். கடிகாரம் பார்க்க நேரம் ஏது? தலைகீழாகப் பறக்கும்போதோ கரணத்தின் உச்சியிலோ மோட்டார் நின்றால் பல நாள் உழைப்பு தரையில் சிதறும். இதனால், நிற்பதற்குச் சில விநாடிகள் முன்பு மோட்டாரின் வேகத்தை ஒரு கணம் குறைத்துக் காட்டும் வசதி பல டைமர்களில் உண்டு. ஓசை மாறியதும் விமானத்தை நேராக்கி இறங்கத் தயாராகலாம்.

இத்தனை இருந்தும் டைமருக்கு ஒன்று தெரியாது. அது எண்ணுவது விநாடிகளை, தீர்வது மின்சாரம். 2,500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்து ஐந்தரை நிமிடம் பறக்க வேண்டுமானால், சராசரியாக 22 ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. காற்று பலமாக வீசும் நாளில், பெரிய புரொப்பெல்லர் மாட்டிய நாளில் இந்தக் கணக்கு பொய்க்கும். டைமரோ நேற்றுச் சொன்ன நேரத்தையே இன்றும் காப்பாற்றும்.

இந்த இடைவெளியை அடைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு முறை பறந்த பின்பும் பேட்டரிக்கு மீண்டும் எவ்வளவு ஏற்ற வேண்டியிருந்தது என்பதைச் சார்ஜரில் பார்த்துக் குறித்துவைப்பது. அதற்கேற்ப நேரத்தைப் பத்து விநாடி கூட்டுவது, குறைப்பது. புதிய விமானம் என்றால் முதலில் மூன்று நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது.

வெளிநாட்டு டைமருக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் ஆர்டுயினோ பலகையில் சில வரி புரோகிராமை ஏற்றினால் வேலை நடக்கும். பொறியியல் கல்லூரிகள் நிறைந்த புனேயில் இது முதலாண்டு மாணவனுக்கும் எட்டும் காரியம். ஆனால் எழுதியதை முதலில் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மேஜை மேல் சோதிக்க வேண்டும். பட்டனைத் தவறாக இருமுறை அழுத்தினால், பாதியில் மின்சாரம் தடைப்பட்டுத் திரும்பினால் என்ன நடக்கிறது? இரண்டுக்கும் விடை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்: மோட்டார் ஓடக் கூடாது.