கோஸ் நாறுதா, நீங்க நாறடிக்கிறீங்களா?

"முட்டைக்கோஸ் பொரியலா? அய்யோ, அந்த வாடையே எனக்கு ஆகாது." டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க பத்துப் பேர்ல அஞ்சு பேர் இதைச் சொல்றாங்க. தாளவாடிப் பக்கம் வருஷா வருஷம் கோஸ் போடுற எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

வாடை கோஸ்ல இல்லீங்க, உங்க வாணலியில இருக்கு. கோஸ்ல 100-க்கு 90 பங்குக்கு மேல தண்ணிதான். அதுல இன்னும் ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி, மூடி போட்டு, போனை நோண்டிட்டு அரை மணி நேரம் கழிச்சு வந்து திறந்தா நாறாம என்ன செய்யும்? அதுக்குள்ள கந்தகம் இருக்கு. வேக வேக அதுதான் கிளம்பி வருது. குக்கர்ல வெச்சு ரெண்டு விசில் விடுறவங்களும் இருக்காங்க. அவங்ககிட்ட பேச எனக்குத் தெம்பு இல்லை.

எங்க வீட்ல இவ்வளவுதான். கோஸை முழுசா இருக்கும்போதே கழுவிட்டுப் பொடிசா அரியணும். கடலெண்ணெயில கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை. (கடுகும் கோஸும் ஒரே குடும்பத்துச் செடிங்க, பங்காளிங்க.) தீயைக் கூட்டி வெச்சு, கோஸைப் போட்டுக் கிளறிக்கிட்டே இருக்கணும். சொட்டுத் தண்ணி கூடாது, மூடி கூடாது. ஆறேழு நிமிஷம் போதும். உப்பைக் கடைசியில போடுங்க, முதல்லயே போட்டா தண்ணி விட்டுக்கும். தேங்காய்த் துருவலைத் தூவி இறக்கிரணும். பல்லுல நறுக்குனு கடிபடணும்.

சரி, சமையல் உங்க பாடு. எனக்கு உண்மையான கோபம் வேற. மேல் இலையில ஒரு சின்ன ஓட்டை இருந்தா அந்தக் கோஸை யாரும் தொடறதில்லை. ஓட்டை போடுறது வைரமுதுகு அந்துப்பூச்சியோட புழு. டி.டி.டி.க்கே அடங்காம பழகிக்கிட்ட பூச்சி அது. கோஸ் குடும்பத்துச் செடியைத் தவிர வேற எதையும் அது தின்னாது. மூளைக்குப் போகுதுன்னு வாட்ஸ்அப்ல பயமுறுத்துறாங்களே, அது நாடாப்புழு. மனுஷ மலம் கலந்த சாக்கடைத் தண்ணி பாய்ஞ்ச எந்தக் காயிலயும் அதோட முட்டை ஒட்டியிருக்கலாம். நல்லா வெந்தா செத்துரும். என் வயல்ல இருக்கிற பச்சைப் புழுவுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஓட்டையே இல்லாத கோஸ் வேணும்னா மருந்துதான் அடிக்கணும். மூணு மாசப் பயிருக்கு ஒரு தடவை ரெண்டு தடவை அடிச்சா அந்த வழவழப்பு வராது. வரிசைக்கு நடுவுல கடுகு விதைச்சா பூச்சி பாதி அங்கே போயிரும், மருந்தும் குறையும். ஆனா நாலு ஓட்டை விழத்தான் செய்யும். அந்த நாலு ஓட்டைக்கு மண்டியில ரெண்டாம் தரம்னு ஒதுக்கிருவாங்க. விலை விழுந்த வருஷம்னா அறுப்புக்கூலியே கட்டாது, அப்படியே டிராக்டரை விட்டு உழுதுட வேண்டியதுதான்.

"நஞ்சில்லா உணவு"ன்னு ஸ்டேட்டஸ் போடுறதும் நீங்கதான், கடையில பந்து மாதிரி பளபளன்னு இருக்கிறதைத் தேடிப் பொறுக்குறதும் நீங்கதான். ரெண்டுல எது வேணும்னு சொல்லிருங்க. பொடிசா அரிஞ்சு வாணலியில போட்ட பிறகு, ஓட்டை விழுந்த இலை எதுன்னு கண்டுபிடிச்சுக் காட்டுங்க பார்க்கலாம்.