தேர்வை ரோட்டுக்குக் கொண்டு வாருங்கள்

கடலூர், சிதம்பரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும்,



லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "எட்டு போட்டுப் பழகிட்டியா?" என்றுதான் நம் ஊரில் கேட்பார்கள். ரோட்டில் ஓட்டினாயா என்று யாரும் கேட்பதில்லை. காருக்கும் கதை ஏறக்குறைய இதுதான். முன்னே, பின்னே, ஹாஃப் கிளச், கொஞ்சம் ரிவர்ஸ். "பிரேக் இன்ஸ்பெக்டர் பாக்குறது இவ்வளவுதான்" என்று சொல்லிவிடுகிற மாஸ்டர்கள் உண்டு.

சட்டம் இவ்வளவோடு நிற்கவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆம் விதி, தேர்வில் பார்க்க வேண்டியவற்றை நீளமாக அடுக்குகிறது. மேட்டில் வண்டியைப் பத்திரமாகக் கிளப்புவது, முந்துவது, முந்த வழிவிடுவது, சிக்னலும் போலீஸும் இல்லாத இடத்தில் குறுக்கே நடப்பவரை முதலில் போகவிடுவது எல்லாம் அதில் உண்டு. எதிரே ஆளே வராத மைதானத்தில் இவற்றில் பாதியைக்கூடப் பார்க்க முடியாது. கேமராவும் சென்சாரும் பொருத்தினாலும் மைதானம் மைதானம்தான்.

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு எல் போர்டு காரைக் கவனியுங்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி ஒரு வெளியூர்க் குடும்பம் ரோட்டில் இறங்குகிறது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும் பெண் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கிறார். மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதிக்க, கார் நிற்கிறது. நிறுத்தியது யார் என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. லைசென்ஸ் வந்தபின் ஓட்டப்போகும் சொந்தக் காரில் அந்த இரண்டாவது பிரேக் இருக்காது.

2025 ஜூலை 8 அன்று செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகளை இழந்தோம். கேட் பற்றிய கேள்விகளுக்கு ரயில்வேதான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேட் திறந்தே கிடந்தாலும் தண்டவாளத்துக்கு முன் நிதானித்து இரண்டு பக்கமும் பார்க்கும் பழக்கம், வண்டி கற்கும்போதே ஒட்டிக்கொள்ள வேண்டியது. தேர்வில் கேட்காததை யாரும் பழகுவதில்லை.

புதிய உத்தரவு எதுவும் வேண்டாம். காருக்கு வருகிற ஒவ்வொருவரையும் பத்து நிமிடமாவது ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள். ஆய்வாளர் சிலர், வரிசையில் நிற்பவர் பலர் என்பது தெரியும். அதனால் தேர்வு நாள் தள்ளிப்போனால் போகட்டும். எல்எல்ஆருக்கு 6 மாத ஆயுள் இருக்கிறது. 30 நாள் முடிந்த மறுநாளே ஓடி வரவேண்டும் என்ற கட்டாயம் ஒன்றுமில்லை.

பயிற்சிப் பள்ளியில் கார் பழக 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் 10 மணி நேரமாவது கையில் ஸ்டீயரிங் இருக்க வேண்டும் என்கிறது விதி. அந்தக் கணக்கை எழுதத்தான் படிவம் 15 பதிவேடு. ஒருவர் ஓட்ட, பின்சீட்டில் மூவர் வேடிக்கை பார்க்கும் நேரமும் அதில் ஏறிவிடக் கூடாது. எத்தனை மணி நேரம் ஓட்டினாய் என்று, மாஸ்டர் பக்கத்தில் இல்லாதபோது, பழகியவரையே கேளுங்கள்.

தவறியவருக்கு, எதில் தவறினார் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். 300 ரூபாய் தேர்வுக் கட்டணம் கட்டியவர் அவர். 7 நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். குறை என்னவென்று தெரியாதவர் அதே குறையோடு திரும்புவார். இல்லையென்றால் 'முடித்துக் கொடுக்கிற' ஆளைத் தேடுவார்.

தொடங்குவதற்குக் கீழ வீதி வேண்டாம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ராவுக்கும் அங்கே நடக்கவே இடமிருக்காது. கடலூரில் மஞ்சக்குப்பத்திலிருந்து கெடிலத்தைத் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர் வரை போய்த் திரும்பினாலே 15-ஆம் விதியில் பெரும்பகுதி கண்ணில் பட்டுவிடும். பஸ்ஸும் பள்ளிப் பிள்ளைகளும் மொய்க்கும் நேரத்தைத் தவிர்த்து, காலை பதினொரு மணி வாக்கில் வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்