பிராண்டோவின் ஆண்டனி

ஷேக்ஸ்பியரைத் திரையில் நடிக்க ஆங்கிலேயர்களே தகுந்தவர்கள், அமெரிக்க நாவுக்கு அந்தக் கவிதை வசப்படாது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. நாம் இதற்கு உடன்படவில்லை.

உச்சரிப்பை முன்வைப்பது வீண்வாதம். ஆங்கிலேய மேடையில் நாம் கேட்டுப் பழகிய கனவான் உச்சரிப்பு ஷேக்ஸ்பியருக்குப் பிந்தையது. சொல்லின் இறுதியில் வரும் ரகரத்தை அவர் காலத்து லண்டன் ஒலித்தது. பெரும்பாலான அமெரிக்கர்கள் இன்றும் ஒலிக்கிறார்கள்.

மான்கிவிச் இயக்கிய 'ஜூலியஸ் சீசர்' (1953) படத்தில் காசியஸாக ஜான் கீல்குட், ஆண்டனியாக மார்லன் பிராண்டோ. முணுமுணுப்பவர் என்று கேலி செய்யப்பட்ட பிராண்டோ, கீல்குட்டிடமே ஆலோசனை பெற்றார். கீல்குட்டின் வரிகள் பிசிறின்றி இசையாய் வருகின்றன. ஆனால் முன்பே முடிவாகிவிட்ட வரிகள் அவை. சீசரின் சடலத்தருகே பேசும் பிராண்டோ, நடுவில் கூட்டத்துக்கு முதுகு காட்டித் திரும்புகிறார். துயரம் தாளாமல் என்று கூட்டம் நம்புகிறது. காமிராவோ அவர் முகத்தைக் காட்டுகிறது: தன் பேச்சு எங்கே தைத்தது என்று செவிமடுத்து நிற்கும் அரசியல்வாதியின் முகம். அரங்கின் கடைசி வரிசைக்கு இது எட்டாது. (உரத்து முழங்கும் இடங்களில் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

எல்லா அமெரிக்கரும் பிராண்டோ அல்லர். பாஸ் லூர்மனின் 'ரோமியோ ஜூலியட்' (1996) படத்தில் டிகாப்ரியோ வரிகளை உணர்ச்சியில் கரைத்துவிடுகிறார். செய்யுள் காணாமல் போகிறது. ஜோயல் கோயனின் 'மெக்பெத்' (2021) படத்தில் டென்சல் வாஷிங்டன் குத்துவாள் வசனத்தை நீண்ட தாழ்வாரத்தில் நடந்தபடி, ஏறக்குறையத் தனக்குள்ளேயே பேசுகிறார். ஒவ்வோர் அசையும் கேட்கிறது.